ஆடியவர் வைக்காத பெயர்கள்



இந்த நினைவுச் சொற்பொழிவில் வரலாறு பேசவேண்டும் என்று கேட்டார்கள். ஆட்டத்தின் பெயர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். இறந்தவர்களை நினைக்கிற இடத்தில் ஆட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். நம் சாவு வீட்டில் பறை உண்டு, ஆட்டமும் உண்டு. போகிறவரை ஆடித்தான் அனுப்பியிருக்கிறோம். அதனால் இந்தப் பேச்சு இடம் மாறி வந்ததாக நான் நினைக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் நம் மக்கள், அன்றாடக் கூலிகள். சிதை அணையும் முன்பே அவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு பெயர் வந்துவிட்டது: குடிகாரர்கள். அரசு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்ததும் 'குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம்' என்ற பேச்சு ஊர் ஊராகப் போனது. விஷம் எப்படி வந்தது, யார் விற்றார்கள், யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற கேள்விகளை அந்த ஒரு சொல் பின்னுக்குத் தள்ளியது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் அதே நேரத்தில் ஒரு பெயர் விழுந்தது: சாராயம் காய்ச்சுகிறவர்கள். ஜாகிர்தார்களின் ஆளுகையில் தலைமுறைகளாகக் கூலியில்லா வேலை செய்த மக்கள் என்ற வரலாறு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஒருவருக்கு அவரல்லாத ஒருவர் பெயர் வைக்கும்போது என்ன நடக்கிறது? இதை ஆட்டத்தின் வரலாற்றில் மிகத் தெளிவாகப் பார்க்கமுடியும். ஆட்டத்துக்குப் பெரும்பாலும் ஆடியவர் பெயர் வைப்பதில்லை, பார்த்தவர் வைக்கிறார். பார்த்தவர் வைத்த பெயரை வைத்துத்தான் கூலி தீர்மானமாகிறது, சட்டம் வருகிறது, அவமானமும் வருகிறது.

வயிற்றின் பெயரால்

வெளிநாட்டிலிருந்து தொடங்குகிறேன். தூரத்தில் இருப்பதைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பது விளங்கும்.

'பெல்லி டான்ஸ்' என்று நம் சினிமா விளம்பரத்திலும் மேடை விளம்பரத்திலும் போடுகிறார்கள். வயிற்று நடனம், தொப்புள் நடனம் என்று தமிழிலும் எழுதிவிட்டார்கள். துருக்கியில் வயிற்றின் பெயரால் இந்த ஆட்டத்தைச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் எகிப்தில் இதற்கு வழங்கும் பெயர்கள் வேறு. ஒன்று ரக்ஸ் பலதி. ரக்ஸ் என்றால் ஆட்டம். பலதி என்றால் ஊர், மண், நாட்டுப்புறம். நம்மூர் ஆட்டம் என்று பெருமையாகவும் சொல்லலாம், பட்டிக்காட்டு ஆட்டம் என்று இளக்காரமாகவும் சொல்லலாம். இன்னொன்று ரக்ஸ் ஷர்கி. ஷர்கி என்றால் கிழக்கு. எகிப்தியர் தம் வீட்டில் நின்றுகொண்டு தம் ஆட்டத்தைக் 'கிழக்கு ஆட்டம்' என்று சொல்லவேண்டுமானால், மேற்கிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். 1920களில் பதியா மஸப்னி கெய்ரோவில் தொடங்கியது போன்ற இரவு அரங்குகளில், வெளிநாட்டாரும் பணக்காரரும் பார்க்க வளர்ந்த வடிவம் அது. பார்ப்பவரின் திசை ஆட்டத்தின் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

ஆடிய பெண்களுக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன. அவாலிம் என்றால் கற்றறிந்தவர்கள். பெரிய வீடுகளில் பெண்கள் பகுதியில் பாடியவர்கள், கவிதை தெரிந்தவர்கள். கவாஸி என்பவர்கள் தெருவில் ஆடியவர்கள். அந்தச் சொல்லுக்கு ஊடுருவியவர், வெளியார் என்று பொருள் சொல்வார்கள். ஒரே நாட்டில், ஒரே தொழிலைச் சுற்றி, வீட்டுக்குள் போனவளுக்கு அறிவின் பெயர். தெருவில் நின்றவளுக்கு அந்நியப் பெயர். 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி கெய்ரோவில் பெண்கள் பொது இடத்தில் ஆடத் தடை விதித்து அவர்களைத் தெற்கே எஸ்னா, கெனா, அஸ்வான் ஊர்களுக்குத் துரத்தினார். கெய்ரோவில் ஆட்டம் நின்றதா? இல்லை. பெண் வேடத்தில் ஆண்கள் ஆடினார்கள். தடை விழுந்தது ஆட்டத்தின்மேல் இல்லை, அந்தப் பெண்களின் பிழைப்பின்மேல்.

வயிறு எப்போது வந்தது? பிரெஞ்சுக்காரர்கள் 'தான்ஸ் து வான்த்ர்' என்றார்கள், வயிற்றின் ஆட்டம். 1893இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. விவேகானந்தர் சர்வமத மாநாட்டில் பேசியதாக நாம் பள்ளியில் படித்தோமே, அந்த மாநாடும் இந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான். கண்காட்சித் திடலில் 'கெய்ரோ தெரு' என்று ஒன்றைச் செயற்கையாகக் கட்டி அங்கே பெண்களை ஆடவைத்தார்கள். கேளிக்கைப் பகுதியை நடத்திய சோல் புளூம் பிரெஞ்சுப் பெயரை ஆங்கிலத்தில் சொன்னால் கூட்டம் வரும் என்று கண்டுகொண்டார். கூட்டம் வந்தது. ஆடியவருக்கு இடுப்பு, தோள், கை, மூச்சு, தாளம் எல்லாம் சேர்ந்த ஒரு கலை; சீட்டு விற்றவருக்கு ஓர் உறுப்பு.

ஒரு கலையை உறுப்பின் பெயரால் அழைத்துவிட்டால், அதை ஆடுகிறவளிடம் வித்தை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவேண்டியதில்லை. உடம்பு இருந்தால் போதும் என்றாகிவிடுகிறது. வித்தைக்குத்தான் கூலி பேசவேண்டும், குரு யார் என்று கேட்கவேண்டும். உடம்புக்கு விலை பேசினால் போதும். நம் ஊர்ப் பேச்சில் 'குலுக்கு ஆட்டம்' என்று சொல்வதும் இதுதான்.

கெடிலக் கரையிலிருந்து பாரிசுக்கு

இந்தக் கதையில் நம் பக்கத்து ஊரும் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மலைப்பகுதியில் பிறக்கும் கெடிலம் ஆறு ஓடிக் கடலூர் அருகே திருவகீந்திரபுரத்தைத் தொட்டுச் செல்கிறது. 1838இல் தார்திவெல் என்ற பிரெஞ்சு வணிகர் அந்த ஊர்க் கோயிலைச் சேர்ந்த ஆடல் பெண்களையும் இசைக்காரர்களையும் ஒப்பந்தம் பேசிக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனார். பாரிசின் வாரியத்தே அரங்கிலும், பிறகு லண்டனிலும் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பற்றி தியோஃபில் கோத்தியே என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் மயங்கி மயங்கி எழுதினார்.

பாரிசில் அவர்களுக்கு என்ன பெயர்? 'பயாதேர்'. ஆடுபவள் என்ற பொருளில் போர்த்துகீசியர் சொன்ன 'பைலாதெய்ரா' என்ற சொல் பிரெஞ்சில் திரிந்து வந்தது அது. அதைவிட முக்கியமானது, பெண்களுக்கு முன்பே பெயர் பாரிசுக்குப் போய்விட்டது என்பது. 1830இலேயே 'கடவுளும் பயாதேரும்' என்ற இசைநாடகம் அங்கே ஏறியிருந்தது. மரி தக்லியோனி என்ற ஐரோப்பிய நடனக்காரி அதில் பயாதேராக ஆடிப் பெயர் வாங்கியிருந்தார். எட்டாண்டு கழித்து உண்மையான பெண்கள் வந்து நின்றபோது, தங்கள் மனத்தில் இருந்த பயாதேருடன் பார்வையாளர்கள் அவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1877இல் ரஷ்யாவில் அதே பெயரில் ஒரு பாலே வந்தது. இன்றும் உலக அரங்குகளில் ஆடப்படுகிறது. பெயர் நிலைத்துவிட்டது. திருவகீந்திரபுரத்துப் பெண்கள் அந்தப் பெயருக்குள் காணாமல் போனார்கள்.

இங்கே இருந்த வெள்ளையர்கள் வடநாட்டு 'நாச்' என்ற சொல்லை எடுத்து 'நாட்ச்' ஆக்கி, எல்லா ஆடல் பெண்களையும் 'நாட்ச் கேர்ள்' என்றார்கள். 1890களில் சென்னையில் எழுந்த எதிர்ப்பு இயக்கத்துக்கும் 'நாட்ச் எதிர்ப்பு' என்றே பெயர்.

சதிர் பெயர் மாறிய கதை

அந்தப் பெண்களுக்கு நம் மொழியில் என்ன பெயர் இருந்தது? தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டு இருக்கிறது. பல கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியதை அது சொல்கிறது. அவர்களைத் 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும். பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒவ்வொருத்தியின் பெயரும், அவள் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும் கல்லில் இருக்கிறது. தேவரடியார், பதியிலார் என்ற பெயர்களும் சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகின்றன.

அதே கோயில் கல்வெட்டுகளில் இன்னும் இரண்டு சேரிகளின் பெயர்களும் வருகின்றன: பறைச்சேரி, தீண்டாச்சேரி. வரி விலக்கான நிலங்களைக் கணக்குச் சொல்லும் இடத்தில் அவை வருகின்றன. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் இல்லை. ஆடிய பெண்ணுக்குப் பெயர் உண்டு, பங்கு உண்டு. சேரிக்கு வெறும் எல்லை. தேவதாசி வரலாற்றைத் தலித் வரலாற்றோடு ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சான்று போதும். ஆனால் பெயர் ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதை அங்கிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

தேவரடியார் என்ற சொல் நூற்றாண்டுகளில் தேய்ந்து தெருச் சண்டையில் பெண்களைத் திட்டும் மிகக் கேவலமான சொல்லாக நிற்கிறது. கோயில் நிலமும் பங்கும் போனபோது மரியாதையும் போனது. சொல் மட்டும் வசவாக மிஞ்சியது. அவர்கள் ஆடியதற்குச் சதிர் என்று பெயர். சின்ன மேளம் என்றும் பெயர். நாகசுரம் பெரிய மேளம், ஆட்டம் சின்ன மேளம். இவை தொழில் செய்தவர்களின் பெயர்கள். தாசி ஆட்டம் என்பது பார்த்தவர்களின் பெயர்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தெருவில் இறங்கிப் போராடினார். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலே எழுதினார். இருவரும் அந்தச் சமூகத்தோடு பிறப்பால் அல்லது வாழ்வால் பிணைந்தவர்கள். அவர்கள் சொன்ன கொடுமை உண்மை. இன்னொரு பக்கம் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர், ஆட்டத்தைக் காப்பாற்றவேண்டும் என்றார். 1932இல் சென்னை மியூசிக் அகாடமியில் ஒரு தீர்வு வந்தது: ஆட்டத்துக்குப் பெயரை மாற்றுவது. சதிர் பரதநாட்டியம் ஆனது. 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறினார். 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது.

இப்போது கணக்குப் பாருங்கள். ஆட்டம் பிழைத்தது, வளர்ந்தது, உலகம் முழுக்கப் போனது. தஞ்சாவூர் பாலசரஸ்வதி போல ஒரு சிலர் தவிர, அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த பெண்கள் மேடையிலிருந்து இறங்கினார்கள். பெயர் சுத்தமானது, அந்தச் சுத்தத்துக்கு ஒத்துவராதவர்களாக ஆடியவர்களே ஆகிப்போனார்கள். பொட்டுக்கட்டு ஒழியவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண்ணை விடுவிப்பதும் அவள் கையிலிருந்து கலையை வாங்கிக்கொள்வதும் ஏன் ஒரே காலத்தில் நடந்தன என்பதுதான் கேள்வி.

நம் பெண்களுக்கு அந்தக் கதையின் இன்னொரு பாதிதான் கிடைத்தது. திருவள்ளூர் பக்கமும் ஆந்திராவின் சித்தூர் பக்கமும் அருந்ததியர் பெண்குழந்தைகளை மாத்தம்மா கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் உண்டு. அவர்கள் திருவிழாவில் ஆடுவார்கள். 2017இல் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழ்நாடு, ஆந்திர அரசுகளிடம் இதுபற்றி விளக்கம் கேட்டது. அதாவது 1947 சட்டத்துக்கு 70 ஆண்டு கழித்து. தாசியின் ஆட்டத்துக்குச் சாத்திரப் பெயர் தேடிக் கொடுத்தவர்கள் உண்டு. மாத்தம்மாவின் ஆட்டத்துக்குப் பெயர் வைக்கக்கூட ஒருவரும் வரவில்லை.

மேடைக் குறத்தி, தெருக் குறத்தி

இனி நம் திருவிழா மேடைக்கு வருகிறேன். கரகாட்டத்தில் இரண்டு உண்டு. கோயிலுக்காகப் பூசாரி எடுப்பது சக்திக் கரகம். கலைஞர்கள் கூலிக்கு ஆடுவது ஆட்டக் கரகம். தலையில் குடத்தை நிறுத்தி, கழுத்தை அசைக்காமல், இடுப்பையும் காலையும் தாளத்துக்கு விடுவது எத்தனை வருடப் பழக்கம் என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் முதலாவதைக் கும்பிடுகிறோம், இரண்டாவதற்கு விசில் அடிக்கிறோம். கரகம் போய் ரெக்கார்டு டான்ஸ் வந்தது. பிறகு 'ஆடல் பாடல்' என்று பெயர் வந்தது. சுவரொட்டியில் 'கவர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். பாட்டுக்குழுவின் பெயர் இருக்கும், விழாக்குழுத் தலைவரின் படம் இருக்கும். ஆடுகிற பெண்ணின் பெயர் இருக்காது. இராசராசன் கல்வெட்டில் 400 பெண்களுக்கும் இருந்த பெயர், ஆயிரம் ஆண்டு கழித்து நம் சுவரொட்டியில் இல்லை.

இந்த நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு ஒவ்வோர் ஆண்டும் உயர் நீதிமன்றத்துக்கு வழக்குகள் போகின்றன. ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியையும் கட்சியையும் புகழ்ந்து பாடக்கூடாது என்று நிபந்தனைகள் வருகின்றன. நல்ல நிபந்தனைகள்தாம். ஆடுகிற பெண்ணுக்கு உடை மாற்றக் கதவுள்ள அறை வேண்டும், பேசிய கூலி கையில் சேரவேண்டும், மேடையில் ஏறிக் கையைப் பிடிக்கிறவன்மேல் வழக்குப் போடவேண்டும் என்ற நிபந்தனைகளையும் அதே அழுத்தத்தோடு கேட்க யாராவது வேண்டும். பார்க்கிறவர்களின் ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதைப் பற்றியே பேச்சு நின்றுவிடுகிறது.

குறவன் குறத்தி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சமூகத்தின் பெயரே ஆட்டத்தின் பெயர். அந்தப் பெயரில் இரட்டை அர்த்த வசனமும் அசைவும் மேடையேறின. ஆடியவர்கள் எல்லோரும் குறவர்கள் அல்லர். அவமானம் மட்டும் குறவர்களுக்கு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளை அந்தப் பெயரால் கேலி செய்தார்கள். வெள்ளையர் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்ட சமூகம் அது. முதலில் திருடர் என்ற பெயர், பிறகு ஆபாசம் என்ற பெயர். குறவர் சமூகத்தினரே போராடினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மார்ச்சில் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்து அரசாணை வெளியிட்டது. தம்மேல் ஒட்டப்பட்ட பெயரை ஒரு சமூகம் தானே கிழித்தெறிந்தது. அது வெற்றிதான்.

ஆனால் இதோடு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். குறத்தி தமிழ் இலக்கியத்துக்குப் புதியவள் இல்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் அவள்தான் மலைவளம் பாடுகிறாள், குறி சொல்கிறாள். 1944இல் கலாக்ஷேத்ரா அதை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. அங்கே ஆடப்பட்ட குறத்திக்குச் செவ்வியல் என்று பெயர். சிங்கனும் சிங்கியும் அங்கே காதல் பேசினால் சிருங்காரம். இங்கே பேசினால் ஆபாசம். தெருக் குறத்தியின் ஆபாசத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதை எழுதிக் கொடுத்தவர்களும் கேட்டு வாங்கியவர்களும் வேறு ஆட்கள். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு பெயர் விழுவதைத்தான் சொல்கிறேன். இன்றைக்கு நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பெல்லி டான்ஸ் கற்றுத் தருகிறார்கள். அங்கே அது ஆரோக்கியம். அதே இடுப்பசைவு இங்கே நம் பெண் ஆடினால் முதல் தகவல் அறிக்கை.

கழற்றுவதா, அணிவதா?

அப்படியானால் நாம் என்ன செய்வது? நம் முன்னோர்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் பறையர் என்ற பெயரை ஏற்கவில்லை. அது பகைவர் வைத்த பெயர் என்றார். சாதியற்ற பூர்வ பௌத்தர்கள் நாம் என்றார். 1907இல் தொடங்கிய தம் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்து, அடுத்த ஆண்டு 'தமிழன்' என்றே ஆக்கினார். இரட்டைமலை சீனிவாசன் நேர் எதிர்த்திசையில் போனார். 1893இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயரே 'பறையன்'. ஒளித்துக்கொள்கிற பெயரை முகப்பில் போட்டுத் தலைநிமிரவேண்டும் என்பது அவர் வழி. சிகாகோவில் வயிற்றின் பெயர் விற்பனையான அதே ஆண்டில், சென்னையில் ஒருவர் தம்மேல் வீசப்பட்ட பெயரை எடுத்துத் தம் கொடியாக்கினார். ஒருவர் பெயரைக் கழற்றினார், ஒருவர் அணிந்தார். இருவரில் யார் சரி என்று நாம் நூறாண்டாக விவாதிக்கிறோம். இருவருக்கும் பொதுவானது ஒன்று: பெயரை முடிவுசெய்யும் உரிமை நம்முடையது என்றார்கள்.

பறையும் இந்த இரண்டு வழியிலும் நடந்தது. பறைதல் என்றால் சொல்லுதல். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. அந்தக் கருவியின் பெயரும் நம் சாதியின் பெயரும் ஒன்றாகி, ஆங்கில அகராதியில் 'பரையா' என்றால் ஒதுக்கப்பட்டவன் என்று ஆனது. சாதிப் பெயர் ஒலிக்கவேண்டாம் என்று தப்பு, தப்பாட்டம் என்று சொன்னவர்கள் உண்டு. பல ஊர்களில் நம் இளைஞர்கள் மேல்சாதிச் சாவுக்கு இனி அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள். கருவியை வெறுத்து அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அதை அடிமை வேலையாக்கிய கட்டளையை மறுத்தார்கள். பிறகு 1990களின் தலித் கலை விழாக்களில் அதே கருவி விடுதலையின் குரலாக எழுந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவரை உலகம் பறைக் கலைஞர் என்றே சொன்னது. பெயர் மாறவில்லை, பெயரின் பொருள் மாறியது. ஆடியவர்களும் மாறவில்லை. சதிருக்கு நடந்ததற்கும் பறைக்கு நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நம் மாவட்டத்திலேயே வேறு எடுத்துக்காட்டுகளும் உண்டு. நாம் தெருக்கூத்து என்று சொல்வதைக் கலைஞர்கள் பலர் கட்டைக்கூத்து என்கிறார்கள். கட்டை என்பது அவர்கள் தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டும் மரத்தாலான அணிகலன்கள். தெரு என்பது பார்த்தவர் நின்ற இடம். கட்டை என்பது ஆடியவர் உடம்பில் சுமந்த பாரம். 1990இல் காஞ்சிபுரத்தில் கலைஞர்கள் சங்கம் அமைத்தபோது அந்தப் பெயரில்தான் அமைத்தார்கள். கூவாகத்தில் சித்திரை மாதம் கூடுகிற நம் சகோதரிகளை வசைச் சொற்களால் அழைத்த காலம் போய், இன்று திருநங்கை என்கிறோம். அந்தச் சொல்லை முன்வைத்தவர் பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் என்று சொல்லப்படுகிறது. அவரும் ஒரு திருநங்கை, ஆடுகிறவர். ஆடியவர் வைத்த பெயர் அரசு ஆவணம் வரை போயிற்று.

நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மராட்டியத்தில் தமாஷா, லாவணி ஆடிய பெண்களில் பலர் தலித் பெண்கள். பட்டே பாபுராவ் என்ற பிராமணக் கலைஞர், மகார் பெண்ணான பவளாபாய் ஆடிய தமாஷாவில் சம்பாதித்த பணத்தை இயக்கத்துக்கு நன்கொடையாகக் கொடுக்க வந்தபோது பாபாசாகேப் மறுத்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 1936 ஜூனில் பம்பாய் தாமோதர் அரங்கில் தேவதாசிகள், ஜோகினிகள் முதலான பெண்களிடம் அவர் பேசினார். இயக்கத்தோடு வரவேண்டுமானால் அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு வாருங்கள் என்றார். நம் பெண்களின் உடம்பைச் சாதி தின்னக்கூடாது என்ற கோபம் அது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் விட்டுவிட்டு வர வழியில்லாதவள் எங்கே போவாள்? வரலாற்றாய்வாளர் ஷைலஜா பைக் 2022இல் வெளியிட்ட நூலில் தமாஷாப் பெண்களின் வாழ்வை வைத்து இதைத்தான் ஆராய்கிறார்: 'ஆபாசம்' என்ற முத்திரை எப்படிச் சாதியின் முத்திரையாக வேலை செய்தது என்று. மராட்டிய அரசு 2005இல் மதுக்கூட நடனத்தைத் தடை செய்தபோது பெரிய நட்சத்திர விடுதிகளுக்கு விலக்குக் கொடுத்தது. அந்தத் தடை செல்லாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஏழை பார்க்கும் ஆட்டம் ஆபாசம், பணக்காரர் பார்க்கும் ஆட்டம் கேளிக்கை என்று சட்டமே எழுதப்பட்டிருந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேலை

முடிக்கிறேன். ஓர் ஆட்டத்துக்குப் புதுப்பெயர் வைக்கிறார்கள், பழைய பெயரை நீக்குகிறார்கள், தடை கேட்கிறார்கள் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். பெயர் வைத்தது யார்? பெயர் மாறிய பிறகு மேடையில் நிற்பது யார்? கூலியும் பங்கும் யாருக்குப் போகிறது? சதிரின் பெயர் மாறியபோது இரண்டாம் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் கிடைத்த பதில் ஆடியவர்களுக்குத் தோல்வி. பறையில் அது நம் வெற்றி. குறவன் குறத்தி ஆட்டத்தில் முதல் கேள்வியை வென்றிருக்கிறோம். அந்த மேடையில் ஆடிய பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று இன்னும் கேட்கவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் வட்டாரங்களில் கரகம், பறை, கூத்து, ஆடல் பாடல் என்று ஆடுகிறவர்களிடம் போங்கள். கல்வராயன் மலைக்கும் போங்கள். அவர்கள் தங்கள் ஆட்டத்தை என்னவென்று சொல்கிறார்கள், ஒவ்வோர் அடிக்கும் அசைவுக்கும் தங்களுக்குள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். 'கரகாட்டக்காரி ஒருத்தி' என்று எழுதாதீர்கள். அவர்கள் சம்மதித்தால் முழுப்பெயரோடு எழுதுங்கள். உங்கள் தெருவில் அடுத்த திருவிழாச் சுவரொட்டி அச்சாகும்போது, ஆடுகிறவர் விரும்பினால் அவர் பெயரையும் போடச்சொல்லி விழாக்குழுவிடம் கேளுங்கள்.

கருணாபுரத்தில் இறந்தவர்களையும் அப்படியே எழுதவேண்டும். ஒவ்வொருவருக்கும் வீட்டில் கூப்பிட்ட பெயர் உண்டு, செய்த தொழில் உண்டு, கற்றுக்கொண்ட கைவேலை உண்டு. அதை முன்வரிசையில் இருக்கிற தாய்மார்கள் சொல்லவேண்டும்; நாம் உட்கார்ந்து எழுதவேண்டும். அடுத்த ஆண்டு இந்த நிகழ்வை அந்தப் பெயர்களை வாசித்துத் தொடங்குவோம்.